வெறும் முகம்

அரிதாரம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நாடகக் கொட்டகை ஞாபகம் வருகிறது. கிரீடமும் புஜகீர்த்தியும் ஞாபகம் வருகின்றன. விஷம் ஞாபகம் வருவதில்லை. ஆனால் அரிதாரம் என்பது முதலில் ஒரு தாதுப்பொருளின் பெயர்தான். கந்தகமும் ஆர்சனிக் என்ற பாஷாணமும் சேர்ந்து பூமிக்குள் விளைந்த மஞ்சள் கட்டி அது. சித்த வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கமாட்டார்கள். கூத்துக்காரர்களோ அதை அரைத்துக் குழைத்து முகம் நிறையப் பூசிக்கொண்டு விடிய விடிய ஆடினார்கள். பிறகு அந்தப் பாஷாணத்தின் பெயரே வேஷப் பூச்சு எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. ஒரு மொழி இத்தனை வெளிப்படையாகச் சாட்சி சொல்லியும் நாம் காது கொடுக்கவில்லை என்றால் மொழியைக் குற்றம் சொல்ல முடியாது.

பூச்சினால் முகம் புண்பட்டுப்போன கதை எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் கவென்ட்ரி பிரபுவின் மனைவி மரியா, ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்த அழகி, 1760-ல் முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனாள். அவள் விடாமல் பூசிய ஈய வெள்ளைதான் காரணம் என்று அந்தக் காலத்திலேயே பேசிக்கொண்டார்கள். ஆனால் இந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை, ஆண்டும் பெயருமாகத் தொடர்ந்து படிக்க வேண்டுமென்றால் ஜப்பானுக்குத்தான் போகவேண்டும். ஆயிரத்து முந்நூறு வருஷக் கணக்கு அங்கே இருக்கிறது.

அந்தக் கணக்கைத் துவக்கி வைத்தவர் ஒரு சந்நியாசி என்பதுதான் வேடிக்கை. ஜப்பானின் பழைய அரசாங்க வரலாற்று நூலில் 692-ஆம் ஆண்டுக்குரிய குறிப்பு ஒன்று இருக்கிறது. கன்ஜோ என்ற பௌத்த பிக்கு ஈயத்திலிருந்து முகப்பூச்சுத் தூள் தயாரித்தார். ஜிதோ சக்கரவர்த்தினி அதை மெச்சி அவருக்குப் பட்டும் பஞ்சும் துணியும் பரிசளித்தாள். தலையை மழித்து உலகத்தைத் துறந்தவருக்கு ஒரு மகாராணியின் கன்னத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்கத் தோன்றுகிறது. சீனத்திலிருந்து நூல்களோடும் மருந்துகளோடும் இந்த வித்தையும் துறவிகள் வழியாகவே வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈயத் தகட்டைக் காடியின் ஆவியில் நாள்கணக்கில் வைத்திருந்தால் அதன்மேல் வெள்ளையாகப் பூத்து உதிரும். அதுதான் ஈய வெள்ளை. அதற்குள்ள குணம் வேறெந்த வெள்ளைக்கும் இல்லை. மெல்லிசாகப் பூசினாலே தோலை முழுக்க மறைத்துவிடும். வியர்த்தால் சட்டென்று வழியாது. விளக்கொளியில் பட்டுப்போலத் தெரியும். நல்ல குணங்கள் எல்லாம் இருந்து ஒரே ஒரு கெட்ட குணம் மட்டும் இருக்கிற மனிதனை வீட்டைவிட்டுத் துரத்துவது எவ்வளவு கஷ்டம்! இந்தப் பூச்சு விஷயத்திலும் அப்படித்தான் ஆயிற்று.

எடோ காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டிலிருந்து, இந்த வெள்ளை அந்தப்புரத்தைத் தாண்டி ஊருக்குள் வந்தது. ஜப்பானிய மொழியில் இதற்கு ஓஷிரோய் என்று பெயர். அகலமான தூரிகையால் தண்ணீரில் குழைத்து முகம், கழுத்து, பிடரி, மார்பின் மேல்பகுதிவரை பூசினார்கள். இசே என்ற க்ஷேத்திரத்திலிருந்து இன்னொரு வெள்ளை வந்தது. அது பாதரசத்தில் செய்தது. நம்மவர் திருப்பதியிலிருந்து லட்டு கொண்டு வருவதுபோல அங்கே போனவர்கள் அந்தப் பூச்சைக் கொண்டு வந்தார்கள். அதைப் பேன் மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். பேனைக் கொல்லுகிற சரக்கு கன்னத்தை என்ன செய்யும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்து ஜப்பானியப் பெண்களுக்குத் தோலைப் பேணத் தெரியாது என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி நமக்குத் தெரியாது. அரிசித் தவிட்டைச் சின்னத் துணிப் பையில் கட்டி, வெந்நீரில் நனைத்து, அதனால் முகத்தை ஒற்றி ஒற்றிக் கழுவினார்கள். அழுத்தமான பூச்சைக் கலைக்க ஒரு பாடும் பறவையின் எச்சத்தைக் காயவைத்துப் பொடித்து உபயோகித்தார்கள். ஸ்திரீபார்ட் நடிகர்களுக்கும் தாசிகளுக்கும் அது பெரிய வரப்பிரசாதம். இலையுதிர் காலத்தில் பீர்க்கு இனத்துக் கொடி ஒன்றைத் தரைக்கு மேலே வெட்டி, வெட்டிய நுனியை ஒரு குப்பிக்குள் செருகி வைப்பார்கள். இராத்திரி முழுவதும் வேர் உறிஞ்சிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். எரிகிற முகத்துக்கு அது இதமாக இருந்தது.

என் தொழிலைச் சேர்ந்த ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். ஷிகிதெய் சன்பா என்பவர் அந்தக் காலத்து நகைச்சுவை நாவலாசிரியர். எழுத்தை மட்டும் நம்பினால் வயிறு நிறையாது என்று எல்லாத் தேசத்திலும் தெரிந்த உண்மை அவருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே மருந்துக்கடை வைத்தார். 1811-ல் 'எடோத் தண்ணீர்' என்ற முகத் தைலநீரை விற்க ஆரம்பித்தார். அதைத் தடவிக்கொண்டால் வெள்ளைப் பூச்சு நன்றாகப் பிடிக்கும் என்பது விளம்பரம். அந்த விளம்பரத்தை எங்கே போட்டார் தெரியுமா? குளிக்கும் பொதுக்கூடத்தைக் களமாக வைத்து அவர் எழுதிக்கொண்டிருந்த நாவலிலேயே போட்டார். பாத்திரங்கள் பேச்சோடு பேச்சாக அதைப் புகழ்கிறார்கள். சரக்கு பிரமாதமாக விற்றது. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இந்தத் தவிட்டிலும் கொடித் தண்ணீரிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை வேறிடத்தில் இருந்தது. தவிட்டுப் பையால் பதமாகக் கழுவி ஆறவிட்ட முகத்தில் அடுத்த நிமிஷமே மறுபடியும் ஈயம் ஏறியது. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் தோல் மங்கிப் பழுத்து, கருமையும் மஞ்சளுமாக நிறம் மாறிவிடும். ஜப்பானிய மொழியில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: ஓஷிரோய்-யாகே. பூச்சினால் தீய்ந்த தோல் என்று அர்த்தம் சொல்லலாம். நோய்க்குப் பெயர் வைத்தவர்களுக்குக் காரணமும் தெரிந்தே இருந்தது. தீய்ந்ததை மறைக்க என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் வெள்ளை பூசுவதுதான். பூச்சு கெடுத்த முகத்துக்குப் பூச்சே மறைவிடம் என்று ஆகிவிட்டால் அதிலிருந்து வெளியே வர வழி ஏது?

அந்த வழி யாருக்கு அடைபட்டிருந்தது என்று பார்த்தால் நடிகர்களைத்தான் முதலில் சொல்லவேண்டும். 1629-லிருந்து பெண்கள் கபூகி மேடை ஏறக்கூடாது என்று சட்டம் இருந்ததால் ஆண்களே பெண்வேஷம் கட்டினார்கள். நம் பழைய நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட்போலத்தான். ஆனால் அங்கே அது பரம்பரைத் தொழில். பாலகனாக இருக்கும்போதே வெள்ளை பூச ஆரம்பித்துவிடுவார்கள்.

1887-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். வெளிநாட்டு மந்திரி இனோவே காவோருவின் மாளிகையில் விசேஷ மேடை போட்டிருந்தார்கள். மெய்ஜி சக்கரவர்த்தி முதன்முதலாகக் கபூகி பார்க்க வந்திருந்தார். அதுவரை கூத்தாடிகள் என்று தாழ்வாக நினைக்கப்பட்டவர்களுக்கு அது ஜன்மத்தில் ஒருநாள். 'கன்ஜின்சோ' நாடகம் நடந்தது. அண்ணனின் கோபத்துக்குத் தப்பி ஓடும் யோஷிட்சுனே என்ற இளவரசன் மூட்டை தூக்கியாக வேஷம் போட்டுக்கொண்டு ஒரு காவல்சாவடியைக் கடக்கிற கதை. அவனுடைய விசுவாசமான சேவகன் பெங்கேய், காவலர்களை நம்பவைப்பதற்காகத் தன் எஜமானையே தடியால் அடிக்கிறான். ஆடிப்பாடுவதெல்லாம் பெங்கேய்தான். இளவரசன் அசையாமல் இருக்கவேண்டும். அசைந்தால் பிடிபட்டுவிடுவான்.

அன்று யோஷிட்சுனேயாக நடித்தவர் நான்காம் நகாமுரா ஃபுகுசுகே. வயது இருபத்தொன்று. பெண்வேஷத்தில் அப்போதே பேர் வாங்கியவர். அசையாமல் இருக்கவேண்டிய அந்தப் பாத்திரத்தில் அவர் கால் நடுங்க ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை. சக்கரவர்த்தியின் முன்னிலையில் பயந்துவிட்டார் என்று நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. வைத்தியர்கள் சொன்ன காரணம் வேறு. பல வருஷப் பூச்சினால் உடம்பில் சேர்ந்த ஈய விஷம். நரம்பைப் பிடித்துவிட்டது.

செய்தி ஊரெல்லாம் பரவியது. எத்தனையோ சாதாரணப் பெண்களின் முகத்தையும் நரம்பையும் தின்ற ஈயம், ஒரு நடிகரின் கால் ராஜசபையில் நடுங்கிய பிறகுதான் விஷம் என்று பகிரங்கமாயிற்று. இதில் நியாயம் இல்லைதான். ஆனாலும் சரித்திரத்தில் பல விஷயங்கள் இந்த வரிசையில்தான் நடக்கின்றன.

அவருக்கு மருந்து ஒன்றே ஒன்றுதான்: வெள்ளையைத் தொடாமல் இருப்பது. இருபத்தொரு வயதில், தலைமுறை தலைமுறையாக வந்த பெயரைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! வெறும் முகத்தோடு ஸ்திரீபார்ட் ஏது? அவர் நடிப்பைத் தொடர்ந்தார். 1911-ல் ஐந்தாம் உதாயமோன் என்ற மகத்தான பட்டப்பெயர் அவருக்கு வந்தது. உடம்பு சொன்னபடி கேட்காமல் போகப் போக, அசைவைக் குறைத்து, குரலாலும் பார்வையாலும் இருந்த இடத்திலிருந்தே சபையை ஆளக் கற்றுக்கொண்டார். சுபோச்சி ஷோயோ எழுதிய சரித்திர நாடகத்தில் யோதோகிமி என்ற அகங்காரம் பிடித்த ராஜமாதாவாக அவர் பெயர் பெற்றார். 1940-ல் காலமானார். அவருடைய கம்பீரத்தைப் புகழ்ந்தவர்கள் அதில் ஈயத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

ஈயமில்லாத வெள்ளை செய்யும் முயற்சி இதற்குப் பிறகு சூடுபிடித்தது. பிரான்சில் படித்து வந்த ஹசெபே நகாஹிகோ என்பவர் செய்த பூச்சு 1904-ல் கடைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1900-ல், அரசாங்கம் அழகுப் பொருள்களில் விஷச் சரக்குகள் சேர்க்கக்கூடாது என்று விதி போட்டது. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈய வெள்ளைக்கு மட்டும் 'தற்காலிகமாக' விலக்கு என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் 'தற்காலிகமாக' என்ற சொல்லைப் பார்த்தால் வயதானவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இந்தத் தற்காலிகம் முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது.

அந்த முப்பது வருஷத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை, சொல்லாமலும் முடியாது. 1890-களிலிருந்து ஜப்பானியக் குழந்தை வைத்தியர்கள் ஒரு புது வியாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல்போல வரும்; வலிப்பு வரும்; பல குழந்தைகள் இறந்தன. கிருமி அகப்படவில்லை. 'மூளைக்காய்ச்சல் எனப்படுவது' என்று அரைகுறையாகப் பெயர் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். கியோத்தோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹிராய் இகுதாரோ 1923-ல் காரணத்தை அறிவித்தார். தாயின் கழுத்திலும் மார்பிலும் இருந்த வெள்ளைப் பூச்சு. பால் குடிக்கும் குழந்தை அதை நக்கி நக்கி உள்ளே வாங்கிக்கொண்டது. எத்தனை தாய்மார்கள் இறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் அழுத முகம் தெரியாமலிருக்க அதே பூச்சைப் பூசிக்கொண்டிருப்பார்களோ! இது என் கற்பனை. வைத்திய நூல்களில் இப்படி எழுதமாட்டார்கள். ஈய வெள்ளை ஒருவழியாகத் தடையானது 1930-களின் நடுவில்தான்.

ஈயம் ஒழிந்தது; கதை ஒழியவில்லை. யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான் பணக்கார தேசமாயிற்று. அலங்கார மேஜைகளில் அழகழகான குப்பிகள் நிறைந்தன. 1960-களின் கடைசியிலும் 1970-களிலும் தோல் வைத்தியர்களிடம் பெண்கள் வரிசையாக வந்தார்கள். கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்பும் சாம்பலுமாகப் படர்ந்த கருமை. தீக்காயம் இல்லை, கொப்புளமும் பெரிதாக இல்லை. லேசாக அரிப்பு இருந்தது, பிறகு கறுத்துவிட்டது என்றார்கள். வெள்ளைப் பூச்சால் வெளுத்த தேசத்தில் இப்போது முகங்கள் கறுத்தன.

இங்கே கொஞ்சம் வைத்தியம் பேசவேண்டும். பூச்சு இரண்டு விதமாக முகத்தைக் கெடுக்கலாம். ஒன்று, காரமான சரக்கு பட்ட இடத்தைச் சுடுவது. அது யாருக்கும் நேரும், உடனே தெரியும். இன்னொன்று ஒவ்வாமை. அது ஒரு ஞாபக வியாதி. பத்து வருஷமாக ஒன்றும் செய்யாத அதே பவுடரை ஒருநாள் உடம்பு பகையென்று முடிவுகட்டிவிடும். ஒருமுறை முடிவு செய்தால் பெரும்பாலும் ஆயுள்வரை மறக்காது. துளி பட்டாலும் போதும். "இத்தனை வருஷமாக இதைத்தானே போடுகிறேன், இதனாலா?" என்று கேட்பது வழக்கம். ஆமாம், இதனால்தான். எது பகை என்று கண்டுபிடிக்க யோசெஃப் யாடசோன் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1895-ல் ஒரு எளிய வழி காட்டினார். சந்தேகப்பட்ட பொருளைத் தோலின்மேல் சிறு ஒட்டாக ஒட்டிவைத்துப் பிறகு பிரித்துப் பார்ப்பது. இன்றும் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

அந்த ஒட்டுச் சோதனையை வைத்துக்கொண்டுதான் டோக்கியோவில் நகாயாமா ஹிதேயோ என்ற தோல் வைத்தியரும் ஓசாகாவில் வேறு சிலரும் புலன் விசாரணை செய்தார்கள். ஒரு சிவப்புச் சாயத்தில் கசடாகக் கலந்திருந்த பொருள் அகப்பட்டது. வாசனைத் தைலங்கள் அகப்பட்டன. மல்லிகைச் சத்துகூட அந்தப் பட்டியலில் இருந்தது. பூச்சை நிறுத்திய பிறகும் சிலருக்குக் குணமாகாததற்குக் காரணமும் தெரிந்தது. பூச்சை நிறுத்தியவர்கள் வாசனைச் சோப்பை நிறுத்தவில்லை! அதே தைலம் சோப்பு வழியாகத் தினம் இரண்டுமுறை முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. நகாயாமா தம் நோயாளிகளுக்குப் பகைப்பொருள் எதுவும் இல்லாத சோப்பையும் பூச்சையும் தனியாகத் தயாரிக்கச் செய்து, அதைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று கண்டிப்புச் செய்தார். பலருடைய கருமை மெல்ல மெல்லக் கலைந்தது. ஒரு வருஷம் ஆயிற்று. சிலருக்கு இரண்டும் ஆயிற்று. ஏன் இத்தனை காலம் என்றால், மேல்தோல் மாதம் ஒருமுறை புதிதாகிவிடும்; ஆனால் அழற்சியில் கீழ்த்தோலுக்குள் உதிர்ந்துவிட்ட நிறம் அங்கேயே தங்கிவிடும். உடம்பு அதைத் துளித்துளியாகத்தான் அப்புறப்படுத்தும். வெயில் பட்டால் இன்னும் தாமதமாகும்.

அந்த ஒரு வருஷத்தை நினைத்துப் பாருங்கள். கறுத்த முகத்தோடு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டும், காரியாலயத்துக்குப் போகவேண்டும். மறைக்கக் கை துடிக்கும். 1977-ல் ஓசாகாவில் சில பெண்கள் பெரிய அழகுப்பொருள் கம்பெனிகள்மீது வழக்குப் போட்டார்கள். 1981-ல் சமரசமாயிற்று. இதற்கிடையே 1980-லிருந்து ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய சரக்குகளின் பெயரைக் குப்பிமேல் அச்சிடவேண்டும் என்று விதி வந்தது. கறுத்த முகத்தோடு நீதிமன்றப் படி ஏறியவர்களுக்குத்தான் இந்தக் கதையில் நான் முதல் மரியாதை செய்வேன்.

இன்றைக்கும் முகம் பூச்சுக்குக் கோபித்துக்கொண்டால் வைத்தியர்கள் சொல்வது ஏறக்குறைய அதேதான். எல்லாவற்றையும் நிறுத்து. வெறும் தண்ணீரில் கழுவு, தேய்க்காதே. குளிர்ந்த ஈரத்துணி போடு. காய்ந்தால் வாசனையில்லாத வாசலைன் போதும். வெயிலில் போகாதே. எலுமிச்சம்பழமும் மஞ்சளும் எத்தனை நல்லவையானாலும் புண்பட்ட தோலுக்கு இப்போது வேண்டாம். வீங்கினாலும் கண்ணருகே வந்தாலும் உடனே டாக்டரிடம் போ. முக்கியமாக, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் வெளுப்புக் களிம்பைத் தொடாதே. ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஒரு வாரத்தில் முகத்தைப் பளபளவென்று ஆக்கி, ஒரு வருஷத்தில் காகிதமாக மெலியவைத்துவிடும். இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று நம் அரசாங்கம் 2018-ல் விதியை இறுக்கியது.

ஜப்பானில் கதை இன்னொரு தடவை திரும்பியது. கானெபோ என்ற கம்பெனி ரோடோடெனோல் என்ற புதுச் சரக்கைச் சேர்த்து வெளுப்புப் பூச்சுகள் விற்றது. 2008-ல் அரசாங்க அங்கீகாரம் பெற்ற சரக்குத்தான். 2011-லேயே வாடிக்கையாளர் முறையீடுகள் வந்தன. அவரவர் உடம்பின் வியாதி என்று அவற்றைக் கம்பெனி ஒதுக்கிவிட்டதாகப் பிற்பாடு வழக்கறிஞர்கள் விசாரித்துச் சொன்னார்கள். 2013 ஜூலையில் 54 சரக்குகளைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறத்தாழ 20,000 பேருக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெண்திட்டு விழுந்திருந்தது. நிறம் உண்டாக்கும் உயிரணுக்களைக் கொஞ்சம் அடக்கிவைக்கவேண்டிய சரக்கு, பலரிடத்தில் அவற்றைக் கொன்றே விட்டது. நிறுத்திய பிறகு பலருக்கு நிறம் திரும்பியது, எல்லோருக்கும் இல்லை.

இது ஏதோ அயல்நாட்டு அதிசயம் என்று எண்ண வேண்டாம். ஒட்டுப்பொட்டு வைக்கும் இடத்தில் வட்டமாக வெளுத்துப்போகிறதே, அதற்கும் இதற்கும் வம்சம் ஒன்றுதான். சில பொட்டுகளின் பசையில் உள்ள பினால் வகைப் பொருள், ரோடோடெனோல் போலவே நிறத்தின் உற்பத்திச் சாலைக்குள் புகுந்து அதை அழிக்கிறது. என் ஒன்றுவிட்ட அக்காளுக்கு இப்படி வந்தது. முதலில் மிளகளவு வெளுப்பு. அதை மறைக்க அவள் செய்தது என்ன? பெரிய பொட்டாக வாங்கி ஒட்டினாள். வெளுப்பும் பொட்டளவுக்கு வளர்ந்தது.

டாக்டர் பொட்டே வேண்டாம் என்றதும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "அத்திம்பேர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது வெறும் நெற்றியோடு இருக்கச் சொல்றாரே, அவருக்கென்னடா தெரியும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். ஜப்பானிய நடிகரின் கதையையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாளே தவிர மசியவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மஞ்சளில் வீட்டிலேயே செய்த குங்குமத்தை வகிட்டில் மட்டும் இட்டுக்கொண்டு நெற்றியை விட்டுவிட்டாள். அப்படியும் முதல் ஆறு மாதம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

ஓரத்திலிருந்து புள்ளி புள்ளியாக நிறம் வர ஆரம்பித்திருக்கிறது என்று போன மாதம் டாக்டர் சொன்னாராம். ஜன்னலோரமாக நின்று கைக்கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை. உனக்குத் தெரியறதா?" என்றாள்.